சைபருக்கு எழுதாத வரி

நவம்பர் 11, திங்கள்

பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன். எதிர்பார்த்ததைவிட வெயில் அதிகம், எதிர்பார்த்ததைவிட அறிவு குறைவு.

இங்குள்ள பொறியியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் எனக்கு மூன்று மாத ஒப்பந்தம். மதிப்பெண் பட்டியல் அச்சடிக்கும் பழைய புரோகிராமைக் கடாசிவிட்டுப் புதிதாக எழுதித் தர வேண்டும். பெங்களூரில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்தவன், நாற்பது பேரை மேய்த்தவன், இன்றைக்கு ஒரு கால் ஆடுகிற மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பெங்களூர் வேலையை நானாகத்தான் விட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது வேறு மாதிரி பேசக்கூடும்.

இத்தனை ஊர் இருக்க ஏன் அங்கே என்று மங்கை போனில் கேட்டாள். குற்றாலச் சாரல் என்றேன். "நவம்பர்ல என்னங்க சாரல்?" என்றாள். என் மனைவிக்குக் குறுக்கு விசாரணை மட்டும் நன்றாக வரும். எங்கள் பெண் சிந்துஜா இதே கல்லூரியில் நான்காம் வருடம் படிப்பதும், இதே வளாகத்தின் விடுதியில் இருப்பதும் தற்செயல்.

சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தங்கள் பிள்ளைகள் எவரேனும் இக்கல்லூரியில் பயில்கிறார்களா?' பயின்றால் அந்தப் பருவத்துத் தேர்வு வேலையை நாம் தொடக்கூடாதாம். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆகஸ்டிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நவம்பர் 12, செவ்வாய்

தேர்வுப் பிரிவு என்பது மூன்று பீரோ, இரண்டு பிரிண்டர், ஒரு பல்லி. கண்காணிப்பாளர் சங்கரநயினார், வயது ஐம்பத்தேழு. எல்லோரும் சூப்பிரண்டு என்றே கூப்பிடுகிறார்கள். சட்டைப்பையில் நாலு கலரில் பேனா. கம்ப்யூட்டரைத் தொடும் முன் கையைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொள்கிறார்.

இன்னொருத்தி எப்சிபா. டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய புரோகிராமில் எண்ணை ஆங்கில எழுத்தாக மாற்றும் பகுதி இவள் கைவண்ணம். திறந்து பார்த்தேன். சிரித்துவிட்டேன். ஜீரோ, ஒன், டூ என்று ஆரம்பித்து ஹன்ட்ரட் வரைக்கும் நூற்றோரு வரி, ஒவ்வொன்றாகக் கையால் தட்டி வைத்திருக்கிறாள். மளிகைக்கடைச் சிட்டை தோற்றது.

"இத எழுத எத்தன நாள் ஆச்சு?"

"ஒரு மத்தியானம் சார். ஏன் சார், தப்பா இருக்கா?"

"தப்பு இல்ல. பாவமா இருக்கு."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆறு பாடத்தின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும், அதை மட்டும் இன்னும் பேனாவால்தான் எழுதுகிறோம், அதுக்கு ஒரு வழி செய்யுங்கள் சார் என்றாள்.

எழுத்தில் எதற்காக எழுத வேண்டும் என்று சூப்பிரண்டு பாடம் நடத்தினார். எண்ணை எவனும் திருத்திவிடலாம். அதனால் எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகவில்லை என்றால் எழுத்துதான் செல்லும். எழுத்துக் கட்டம் காலியாக இருந்தால் அந்த மாணவனின் மொத்த ரிசல்ட்டும் நிறுத்தி வைக்கப்படும், காப்பியடித்த கேஸோடு சேர்ந்து விசாரணைக் குழுவுக்குப் போகும். முடிய மூன்று மாதம் ஆகும். இதையெல்லாம் கோயில் தலவரலாறு போலச் சொன்னார். கொட்டாவியை அடக்கிக்கொண்டேன்.

நவம்பர் 14, வியாழன்

எழுதி முடித்தேன். ஹாஸ்கல் மொழியில். எண்ணை எழுத்தாக்கும் ஃபங்ஷன், பதினான்கே வரி.

இந்த ஊரில் இதை யாரிடம் சொல்லி என்ன, நோட்டிடமே சொல்கிறேன். மற்ற மொழிகளில் 'இதை எடு, அதில் போடு, திரும்பிப் போ' என்று மாடு ஓட்டுவதுபோல் ஓட்ட வேண்டும். இது மாதிரி ஃபங்ஷனல் மொழியில் இன்னது இன்னதுக்குச் சமம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இருபதுக்குக் கீழே என்றால் பட்டியலில் பார். நூறுக்குக் கீழே என்றால் பத்தின் பெயரைச் சொல், மிச்சத்துக்கு உன்னையே கூப்பிட்டுக்கொள். நூறும் ஆயிரமும் அதே மாதிரி. கோடி வரைக்கும் போகும். எப்சிபா நூற்றோரு வரியில் நூறோடு நின்றாள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எழுபதுக்கு மிச்சம் சைபர். அசட்டுத்தனமாக எழுதினால் 'செவன்டி ஜீரோ' என்று உளறும். அதனால் சைபர் வந்தால் ஒன்றும் சொல்லாதே என்று ஒரே வரியில் வாயை அடைத்தேன். 'செவன்டி' என்று அழகாக நிற்கிறது.

இதே ஃபங்ஷனை ஏழு வருடத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிந்துஜாவுக்கு எழுதிக் காட்டியிருக்கிறேன். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. கையைத் தட்டுவாள் என்று பார்த்தால் ஏதோ குதர்க்கமாகக் கேட்டாள். என்ன கேட்டாள் என்பது ஞாபகமில்லை.

நவம்பர் 15, வெள்ளி

எப்சிபா என் ஃபங்ஷனைச் சோதிக்க ஒரு காகிதத்தில் எண்களை எழுதிக்கொண்டு வந்தாள். முதல் எண் 0. நான் அதை மட்டும் பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன சார், சைபர வெட்டிட்டிய?"

"யாரும்மா சைபர் வாங்குவா? நம்பர எழுதி, கேள்விய திருப்பி எழுதி வெச்சாலே நாலு மார்க் போடுறாங்க. முட்ட வாங்கணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும்."

"வராதவங்க?"

"வராதவங்களுக்கு ஆப்சென்ட்னு தனியா வரும். அது வேற பகுதி."

"வந்து ஒண்ணுமே எழுதாம போனா?"

"மூணு மணி நேரம் சும்மா உக்காந்துட்டுப் போறதுக்கு யாருக்கும்மா பைத்தியம்?"

"இல்ல சார், சும்மா கேக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் பதினான்கு வரியையும் பிரின்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோனாள். அதை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்று தெரியவில்லை, தோசைக்கல்லா துடைக்கப்போகிறாள்.

நவம்பர் 18, திங்கள்

மங்கையின் போன். சிந்துஜாவுக்கு டேராடூனில் வேலை உறுதியாகிவிட்டதாம். வெள்ளம் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் ஏறும் என்று வரைபடம் போடுகிற நிறுவனம். ஜனவரியில் சேர வேண்டும். டிசம்பர் 16-க்குள் இந்தப் பருவத்து ரிசல்ட்டைக் கொடுத்தாக வேண்டும். முக்கியமான ஐந்து பாடத்தில் தேறியிருந்தால் போதும், விருப்பப் பாடத்தில் அரியர் இருந்தாலும் ஏப்ரலில் எழுதிக்கொள்ளலாமாம். ரிசல்ட்டே வரவில்லை என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"உங்ககிட்ட சொல்லச் சொன்னாளா?" என்று மங்கையே கேட்டுக்கொண்டு, மங்கையே "இல்ல" என்றாள்.

விருப்பப் பாடம் என்று வந்ததால் அதையும் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் இவள் புவியியல் வரைபடப் பாடம் எடுத்திருந்தாள். கம்ப்யூட்டர் படிக்கிறவள் மேப்பு போடுவாளாம். கல்லூரி இணையதளத்தில் பெற்றோருக்கான பாஸ்வேர்டில் உள்ளே போய் அதை நீக்கிவிட்டு ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று மாற்றினேன். கடைசி நாள் மாலை. அவளுக்கு மறுநாள் தெரிந்தது. மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு அப்பன் தன் பெண்ணுக்கு நல்ல பாடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது கொலைக்குற்றமாகிவிட்டது. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"இருபதாம் தேதி அந்த எக்ஸாமுக்குப் போவாளா?" என்று கேட்டேன்.

"போய் உக்காருவேன், அவ்ளோதான்னு சொல்றா."

போவாள். என் ரத்தம். உட்கார்ந்துவிட்டால் கை சும்மா இருக்காது.

நவம்பர் 20, புதன்

முதல் மாடி ஜன்னலிலிருந்து தேர்வுக்கூடம் தெரியும். பிரிண்டருக்கு மை மாற்ற நின்றபோது தற்செயலாகப் பார்த்தேன். மெலிந்திருக்கிறாள். முடியை வெட்டியிருக்கிறாள். விடுதிச் சாப்பாட்டின் லட்சணம் அது.

ஒன்பதரைக்கு உள்ளே போனாள். பன்னிரண்டரைக்குக் கடைசி ஆளாக வெளியே வந்தாள். மூன்று மணி நேரமும் எழுதியிருக்கிறாள். வராதவர்களின் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். போகும், எனக்கு எதுவும் வரவில்லை. கேன்டீனில் வடை வாங்கித் தின்றேன். ஊசியிருந்தது, ஆனாலும் தின்றேன்.

நவம்பர் 26, செவ்வாய்

மழை. கூரை ஒழுகி சூப்பிரண்டின் மேசை நனைந்தது. அவர் முதலில் காப்பாற்றியது கோந்து டப்பாவை.

டிசம்பர் 2, திங்கள்

மதிப்பெண்கள் வந்துகொண்டிருக்கின்றன. விடைத்தாளில் பதிவு எண்ணை மறைத்து வேறு எண் போட்டுத் திருத்துகிறார்கள். எந்த மார்க் யாருடையது என்று கடைசி நாளில் அச்சடிக்கும்போதுதான் சேரும். எனவே நான் எதையும் தேடிப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, இரண்டு தடவை முயன்றேன்.

டிசம்பர் 5, வியாழன்

அச்சடித்தாகிவிட்டது. ஆயிரத்து எண்ணூறு மாணவர்கள், ஆளுக்கு ஒரு தாள். கூட்டுத்தொகை 'ஃபோர் ஹன்ட்ரட் தர்ட்டி சிக்ஸ்' என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்திருக்கிறது. சூப்பிரண்டே மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "லெட்சணமா இருக்கு" என்றார்.

அதோடு விட்டாரா? நாளையிலிருந்து கூப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். ஒருவர் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு எழுத்தில் இருப்பதை மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிரே இருப்பவர் கையில் எண்கள் மட்டும் உள்ள பட்டியல். காதில் விழுந்ததும் கையில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் பச்சை டிக். முப்பது வருடமாக இதுதான் வழக்கம். ஆயிரத்து எண்ணூறு பேரையும் வாசிப்பார்கள், பஜனை மாதிரி.

"சார், ஃபங்ஷன் சரியா இருக்குன்னு என்னால கணிதப்படி நிரூபிக்க முடியும்" என்றேன்.

"நிரூபிங்க. நிரூபிச்சுட்டு வந்து வாசிங்க" என்றார். "புது புரோகிராம எழுதுனவரு மொதல்ல உக்காந்து கூப்புடணும். அது இங்க முறை. அந்தக் காலத்துல எப்சிபாவும் உக்காந்தா."

நவீன உலகம் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நான் நாளை காலை பத்து மணிக்கு எப்சிபாவுக்கு எதிரே உட்கார்ந்து 'ஃபிஃப்டி டூ' என்று கத்தப்போகிறேன்.

டிசம்பர் 6, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சூப்பிரண்டு திருச்செந்தூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார், திங்கள்தான் வருவார். நானும் எப்சிபாவும்தான். மதியம் வரை மெக்கானிக்கல். என் தொண்டை கட்டிப்போயிற்று. அவள் பச்சைப் பேனாவோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. பார்த்தாயா என்பதுபோல் நான் ஒவ்வொரு தாளையும் திருப்பினேன். சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸ் நான்காம் வருடம்.

அந்தத் தாள் வந்தது. பெயரைப் பார்க்கும் முன்பே பதிவு எண்ணைப் பார்த்துவிட்டேன். அந்த எண் எனக்குத் தெரியும். முதல் வருடம் ஹால் டிக்கெட்டை நான்தான் லேமினேட் செய்து கொடுத்தேன்.

"எய்ட்டி ஒன்" என்று வாசித்தேன். டிக். "செவன்டி சிக்ஸ்." டிக். "நைன்டி." டிக். "எய்ட்டி எய்ட்." "செவன்டி ஃபோர்." ஐந்து பாடம். குரல் எனக்கே கொஞ்சம் பெருமையாகக் கேட்டது.

ஆறாவது கட்டம் ஃபங்ஷனல் புரோகிராமிங். எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளைக் காகிதம்.

எப்சிபா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். நான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன்.

"என்ன சார், அடுத்தது?"

"பிரின்ட் சரியா விழல. அடுத்த தாளுக்குப் போவோம்."

"மத்த அஞ்சும் விழுந்திருக்கே?" என்றாள். பிறகு தன் பட்டியலைப் பார்த்தாள். "என் லிஸ்ட்டுல சைபர்னு இருக்கு சார்."

நான் அந்தத் தாளை அடுத்த தாளுக்கு அடியில் செருகப் பார்த்தேன்.

"ஆப்சென்ட் இல்ல சார். வந்திருக்கு புள்ள. வந்து உக்காந்திருக்கு. பேப்பர்ல ஒண்ணுமே எழுதல போலிருக்கு." சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னாள், "எழுத்துல காலியா போச்சுன்னா மொத்தமா நிறுத்திருவாவ சார். காப்பி கேஸு மாதிரி ஆயிரும். பாவம், மத்ததுல எல்லாம் நல்ல மார்க்கு."

பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். திங்கள்வரைக்கும் இது நிற்கட்டும் என்றாள். நவம்பரில் நான் அடித்த சைபரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். நானாக இருந்தால் ஒரு வாரம் பேசியிருப்பேன்.

டிசம்பர் 7, சனி

மூன்று மணி நேரம். கையில் பேனா இருந்திருக்கும். கேள்விகள் எல்லாம் அவளுக்குத் தெரியும், பதினாலு வயதிலேயே தெரியும். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் இங்கே வடை தின்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

இதை எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை. எழுதுகிறேன்.

எண்ணும் எழுத்தும் மோதினால் எழுத்துதான் செல்லும். எழுத்தைச் சொல்வது என் ஃபங்ஷன். சைபருக்கு 'ஃபிஃப்டி' என்று ஒரு வரி எழுதினால் தேர்ச்சி. நிறுத்தி வைத்த தாளை மறுபடி அச்சடிப்பதும் நான்தான். எப்சிபாவிடம் பட்டியல்தான் தப்பு, சரிபார்த்துவிட்டேன் என்றால் சரி சார் என்பாள். நேற்று மாலை அந்த வரியை எழுதினேன். ஓட்டியும் பார்த்தேன். ஃபிஃப்டி என்று வந்தது. அழகாகத்தான் வந்தது.

மங்கையைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை. "அவ பரீட்சையில வெத்துப் பேப்பர் குடுத்திருந்தா என்ன பண்ணுவ?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"குடுத்துட்டாளா?" என்றாள். பிறகு, "நீங்க ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஆகஸ்ட்ல பண்ண மாதிரி ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்றாள். மங்கை என்னிடம் கெஞ்சி நான் கேட்டதில்லை.

அழித்துவிட்டேன். பெரிய நேர்மை எல்லாம் கிடையாது. இந்த மார்க் அவள் உட்கார்ந்து சம்பாதித்தது. அதையும் பின்வாசல் வழியாகப் போய் மாற்றினால் ஆகஸ்டில் செய்த அதே களவாணித்தனம்தான். அன்றைக்கு அப்பன் என்றாவது சொல்லிக்கொண்டேன். படிவத்தில் இல்லை என்று எழுதியவனுக்கு இன்றைக்கு அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

ஆனால் சும்மா இருந்தாலும் அவள் தாள் காலியாகத்தான் போகும். அவள் வாங்கியது சைபர். அதை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் ஒரு அரியர், டேராடூன், ஏப்ரலில் ஒரு பரீட்சை, அவ்வளவுதான். என் புத்திசாலித்தனமான பதினான்கு வரிக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரியாததால் அவள் காப்பியடித்தவர்களோடு வரிசையில் நிற்கப்போகிறாள். யாரிடமும் சொல்லாமல் நானே ஜீரோ என்று திருத்தினால் அதுவும் பின்வாசல்தான். எப்சிபாவின் மளிகைச் சிட்டையில் முதல் வரியே ஜீரோ.

எழுதுகிறதுதான் எழுதுகிறேன், இதையும் எழுதிவிடுகிறேன். பெங்களூரில் நானாக விடவில்லை. அனுப்பினார்கள். காரணம் கேட்டதற்கு, உங்களோடு யாராலும் வேலை செய்ய முடியவில்லை என்று இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி புன்னகையோடு சொன்னாள்.

டிசம்பர் 9, திங்கள்

சூப்பிரண்டு வந்ததும் வராததுமாகப் போய் நின்றேன். சைபருக்கு எழுத்து வராது, தப்பு என்னுடையது என்றேன். தலையாட்டினார். அதனால்தானே கூப்பிட்டுப் பார்க்கிறோம் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக முப்பது வருடம் காத்திருந்த முகம்.

"இன்னொண்ணு இருக்கு சார். அந்தத் தாள் என் பொண்ணோடது."

நாலு பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தார், ஒவ்வொன்றாக. "படிவத்துல இல்லைன்னு போட்டிருக்கிய."

"பொய் சார்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். கையைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டு தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்குப் போன் செய்தார். என் ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது. நான் வாசித்த தாள்கள் அத்தனையையும் வேறு இரண்டு பேர் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வரும்.

"அந்த வரிய மட்டும் சரி பண்ணிட்டுப் போயிடறேன் சார். ரெண்டு நிமிஷம்."

"நீங்க இனிமே கீபோர்டத் தொடக்கூடாது."

"இங்க வேற யாருக்கு சார் ஹாஸ்கல் தெரியும்?"

எப்சிபா தன் கைப்பையைத் திறந்தாள். நவம்பரில் எடுத்துக்கொண்டுபோன பிரின்ட்டை நாலாக மடித்து வைத்திருந்தாள். ஓரமெல்லாம் பென்சிலில் குறிப்பு. "சைபர்னு மட்டும் வந்தா ஜீரோன்னு சொல்லு, மத்ததுக்கெல்லாம் பழைய ஃபங்ஷனக் கூப்புடுன்னு மேல ஒண்ணு எழுதுனா போதும்லா சார்? உள்ள இருக்குறதத் தொட வேண்டாம். தொட்டா எழுவது கெட்டுரும்."

சரியான வழி. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதைவிட ஒரு வரி கூடுதலாக எழுதியிருப்பேன்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன், உள்ளே நிற்கக்கூடாதாம். அவள் பிரின்ட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். முதல் தடவை பிழை வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. அடைப்புக்குறி விட்டுப்போயிற்று என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன், வாழ்நாளில் இவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை. மூன்றாம் தடவை ஓடியது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "நீங்க அப்பான்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

"எப்படி?"

"அந்தப் புள்ள ஒரு தடவ சர்டிபிகேட்டு கேட்டு வந்து சண்ட போட்டுச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. கோவம் வந்தா இன்னும் ஒரே மூஞ்சி."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன் சார்."

டிசம்பர் 11, புதன்

அறையைக் காலி செய்ய வெள்ளிவரை அவகாசம் வாங்கினேன். துணி துவைத்தேன். மழையில் காயவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

பதினொன்றே காலுக்கு பெற்றோருக்கான எஸ்.எம்.எஸ். வந்தது. ஐந்து பாடம் தேர்ச்சி. கடைசி வரி: ஃபங்ஷனல் புரோகிராமிங், 0, ஜீரோ. அரியர். நிறுத்திவைப்பு எதுவும் இல்லை.

மூன்று தடவை வாசித்தேன். பெண் முட்டை வாங்கியதற்கு இப்படி மூச்சு விட்ட அப்பன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாலை ஐந்துக்குப் பார்வையாளர் நேரம். விடுதி வாசலில் காவலரிடம் பெயரைச் சொன்னேன். உறவு என்ன என்று கேட்டுப் பதிவேட்டை நீட்டினார். அப்பா என்று எழுதினேன்.

இருபது நிமிடம் கழித்து வந்தாள். ஈரத் தலை, காலில் பொருந்தாத செருப்பு. கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்க நினைத்தேன். வந்தது வேறு.

"ஒரு கேள்விகூடவா எழுதல?"

"எல்லாம் தெரிஞ்ச கேள்விப்பா" என்றாள். ஆகஸ்டுக்குப் பிறகு முதல் வார்த்தை. "நாலாவது கேள்வி உங்க கேள்விதான். எண்ணக் குடுத்தா இங்கிலீஷ்ல எழுத்தா மாத்தணும். பதினஞ்சு மார்க்."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இங்கே தேர்வுப் பிரிவில் வேலை பார்த்ததைச் சொன்னேன். படிவத்தில் பொய் எழுதியதைச் சொன்னேன். அவள் தாள் காலியாக வந்ததையும், ஏன் வந்தது என்பதையும் சொன்னேன். ஃபிஃப்டி என்று எழுதிப் பார்த்ததைச் சொன்னபோது அவள் முகம் மாறியது, எப்சிபா சொன்ன அதே முகம். அழித்துவிட்டேன் என்றேன். ஆகஸ்டில் செய்தது தப்பு என்றேன். அதைச் சொல்ல நாலு மாதமும் அறுநூறு கிலோமீட்டரும் தேவைப்பட்டது, சொல்லி முடிக்க மூன்று விநாடி ஆனது.

அவள் கேட்டின் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சின்னப்ப நான் கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள். "டைனிங் டேபிள்ல. சும்மா ஜீரோ மட்டும் குடுத்தா என்னப்பா சொல்லும்னு கேட்டேன். யாரு ஜீரோ குடுப்பா, அசடுன்னு சொன்னீங்க. அம்மாகூட சிரிச்சாங்க."

ஞாபகம் இருக்கிறது. எப்போதுமே இருந்தது.

"இப்ப சொல்லுதா?"

"சொல்லுது."

"நீங்க போட்டீங்களா?"

"இல்ல. எப்சிபான்னு ஒருத்தங்க போட்டாங்க."

தாழ்ப்பாளை விலக்கி வெளியே வந்தாள். பசிக்கிறது, இங்கே கேன்டீன் வடை மட்டும் வேண்டாம் என்றாள்.